வருண லிங்கத்தில் மச்சான்

விலைமதிப்பற்ற உயிரின் விலை மூவாயிரம் ரூபாய். நான் சொல்லவில்லை. வேங்கிக்காலில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் தொங்கிய போர்டு சொன்னது. மேலே சிவப்பு எழுத்தில் ‘உங்கள் உயிர் விலைமதிப்பற்றது’. அதற்குக் கீழே நீல எழுத்தில் ‘அபாயப் பொருள் லாரி ஓட்டுநர் பயிற்சி, மூன்று நாள், ரூ. 3,000 மட்டும்’.

என் கண் அந்த ‘மட்டும்’ மேல்தான் நின்றது. விலைக்குப் பின்னால் ‘மட்டும்’ என்று எழுதுகிறவன் இறங்கி வரத் தயாராக இருக்கிறான் என்று அர்த்தம். எங்கள் வீட்டில் பிள்ளைகள் நடக்கப் பழகும் முன்பே இதைப் பழகிவிடுவார்கள். அப்பாவுக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மண்டி, சித்தப்பாவுக்குப் பாத்திரக் கடை, அத்தை வீட்டில் ஜவுளி. எனக்குக் கீழ்பென்னாத்தூரில் பெட்ரோல் பங்க். ஜினேந்திரன் என்ற பெயர் ரேஷன் கார்டில்தான் இருக்கிறது; சுற்றுவட்டாரத்துக்கு நான் ‘பங்க் நயினார்’. இங்கே சமணர்களை நயினார் என்றுதான் கூப்பிடுவார்கள்.

பயிற்சி நிலையத்தை நடத்துகிறவர் பாலாஜி. ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் சிவப்புப் பேனா.

“மூணு நாளைக்கு மூவாயிரமா?” என்றேன். “ஏங்க, செங்கம் ரோட்டுல ஆசிரமத்துக்குப் பக்கத்துல வெள்ளைக்காரங்களுக்கு ரூம் வுடறவன்கூட இதைவிட கம்மியா கேக்கறான். அதுல கொசுவலையும் சேத்தி.”

“சார், இது உயிர் சமாச்சாரம்.”

“உயிர் சமாச்சாரத்துல லாபம் பாக்கலாமா? ஆயிரத்தஞ்ஞூறு.”

“ரெண்டாயிரத்து ஐந்நூறு. என் பொண்ணு மேல சத்தியமா அதுக்கு மேல முடியாது.”

பெண் மேல் சத்தியம் செய்தால் இன்னும் ஐந்நூறு இறங்கும். நான் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தேன். படிக்கட்டு வரை போனேன். செருப்பை ஒரு காலில் மட்டும் மாட்டிக்கொண்டு நின்றேன். இரண்டு காலிலும் மாட்டினால் அவர் கூப்பிடாமல் விட்டுவிடக்கூடும். ஆயிரத்து எண்ணூற்றில் படிந்தது. பாலாஜி ரசீது எழுதிவிட்டு, “நாளைக்கு ஒம்பதரைக்கு ஆளை அனுப்பிடுங்க” என்றார்.

“எங்க?”

“கிளாஸுக்கு.”

“கிளாஸா? நடத்துவீங்களா?”

பாலாஜி ஜன்னல் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “மூவாயிரம்னா ஆளு வர வேணாம் சார். ரெண்டு ஃபோட்டோ, லைசன்ஸ் ஜெராக்ஸ் குடுத்தா போதும், மூணாம் நாள் சர்ட்டிபிகேட் கைல. ஆயிரத்தெண்ணூறுன்னா அவர் வந்து ஒக்காந்து படிக்கணும். பரிட்சை எழுதணும். இருபத்தஞ்சுக்குப் பதினஞ்சு எடுக்கணும்.”

இப்படி ஒரு வியாபாரத்தை நான் பார்த்ததில்லை. ஜாஸ்தி கொடுத்தால் சரக்கு கிடையாது, கம்மி கொடுத்தால் சரக்கு உண்டு. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்தப் படிக்காத சர்ட்டிபிகேட்தான் வேண்டியிருந்தது. ஆனால் வாயால் இறக்கிய விலையை அதே வாயால் ஏற்றுவதா? அது தெரிந்தால் அப்பா மாலை போட்ட ஃபோட்டோவிலிருந்து இறங்கி வந்து விசாரிப்பார். ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த ரசீதுக்கு உரியவன் தருமன். நாற்பத்தாறு வயது. இருபத்திரண்டு வருஷமாகக் குஜராத் லைன் ஓட்டுகிறவன். இங்கிருந்து மல்லாட்டை ஏற்றிப் போவான், அங்கிருந்து டைல்ஸ் ஏற்றி வருவான். ஒரு டிரிப்புக்குப் பதினைந்து நாள், சில சமயம் இருபது. வீட்டுக்கு வந்து துணி துவைத்துக் காய்வதற்குள் அடுத்த லோடு. நான் பங்குக்குச் சொந்தமாக ஒரு டேங்கர் வாங்கியதும் அவன்தான் முதலில் வந்து நின்றான். விடியலில் கிளம்பி சென்னை டெர்மினலில் பெட்ரோல் பிடித்து, சாயங்காலம் கீழ்பென்னாத்தூரில் இறக்கிவிட்டு, இருட்டுவதற்குள் வீடு. தினமும் வீடு.

“சம்பளம் கம்மியா இருந்தாலும் பரவால்ல நயினாரே” என்று பேரத்தை அவனே ஆரம்பித்து அவனே தோற்றான். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும், இவனுக்கு இது எவ்வளவு முக்கியம் என்று.

ஆனால் பெட்ரோல் ஏற்ற ஹெவி லைசன்ஸ் மட்டும் போதாது. அபாயப் பொருள் ஓட்டலாம் என்று அதில் தனியாக ஒரு பதிவு ஏற வேண்டும்; அதற்குத்தான் பாலாஜியின் சர்ட்டிபிகேட். அது இல்லாத டிரைவரை டெர்மினல் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். முதல் லோடு திங்கட்கிழமை. பரிட்சை வெள்ளிக்கிழமை. அவன் தேறாவிட்டால் டேங்கர் சாவி பரசுராமனுக்கு என்று முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தேன்.

பரசுராமன் தருமனின் மச்சான். மனைவி பாஞ்சாலையின் அண்ணன். அந்தப் பதிவு மூன்று வருஷமாக அவன் லைசன்ஸில் இருக்கிறது. எப்படி வாங்கினான் என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை.

முதல் நாள் வகுப்பு முடிந்த சாயங்காலம், சரக்கு எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போனேன். கிரிவலப் பாதையில் அக்னி லிங்கத்துக்கும் எம லிங்கத்துக்கும் நடுவே பாஞ்சாலை நன்னாரி சர்பத் தள்ளுவண்டி போட்டிருக்கிறாள். தருமன் வண்டிக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, கையில் புத்தகத்தோடு வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தான். மலைப்பாதையில் இருபது டன்னை ஏற்றும்போதுகூட அவன் அப்படி வேர்த்திருக்க மாட்டான். எதிரில் பரசுராமன் ஓசிச் சர்பத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

“வாங்க நயினாரே. மாப்ள ஸ்கூலுக்குப் போவுது. டிபன் பாக்ஸ் எடுத்துனு போச்சான்னு கேளுங்க.”

தருமன் புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டினான். அவனுடைய சங்கடம் இதுதான். அபாயப் பொருள்களை ஒன்பது வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் காத்தாடி மாதிரி சாய்ந்த சதுரத்தில் ஒரு படம், கீழ் மூலையில் ஒரு எண். பரிட்சையில் ஒன்பது மார்க் அதற்கே. வரிசை மாறினால் போச்சு.

“சொல்லு பாக்கலாம்” என்றேன்.

“ஒண்ணு வெடிமருந்து. ரெண்டு... பெட்ரோல். இல்ல, ஆசிட். மூணு...”

“மாப்ள, நீ குஜராத்துக்கே கெளம்பு. அங்க டைல்ஸ் வெடிக்காது” என்றான் பரசுராமன்.

தருமன் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டான். “எட்டாங்கிளாஸோட வுட்டதுங்க. தலைல நிக்க மாட்டேங்குது. இருபத்திரண்டு வருஷம், நயினாரே. வீட்ல படுத்த நாளை எண்ணிப் பாத்தா அஞ்சு வருஷம்கூட வராது.”

பாஞ்சாலை எலுமிச்சம்பழத்தை நறுக்கிக்கொண்டே, “வந்து இருந்து பாக்கட்டும். புடிக்கலன்னா நானே ரிட்டர்ன் லோடுல ஏத்தி அனுப்பிடறேன்” என்றாள். சொல்லிவிட்டுக் கத்தியை வைத்தாள். “யோவ். இந்த மலைய சுத்தி லிங்கம் எத்தினி?”

“எட்டு.”

“வரிசையா சொல்லு.”

தருமன் மூச்சுவிடாமல் சொன்னான். “இந்திரன், அக்னி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசான்யம்.”

“அது மட்டும் எப்படி நிக்குது?”

“அது சின்ன வயசுலருந்து நடந்து நடந்து...”

“அப்ப அது மேலயே இதை ஏத்து. நீ லோடு ஏத்தற ஆளுதான?”

அவளுக்குப் படிக்கத் தெரியாது. தருமன் ஒவ்வொரு வகுப்பாக வாசிக்க, அவள் ஒவ்வொரு லிங்கமாக இறக்கி வைத்தாள். ஒன்று, வெடிமருந்து: இந்திரன் கையில் இடி இருக்கிறது, சரி. இரண்டு, கேஸ்: “சிலிண்டரு வாங்கினா அடுத்து நெருப்புதான, அக்னில வை.” மூன்று, பற்றி எரியும் திரவம், அதாவது பெட்ரோல், டீசல்: “எமனுக்கு எருமை இப்ப எங்க? லாரிலதான் வராரு, டேங்க் ரொப்பிக்கினு.” நான்கு, பற்றி எரியும் திடப்பொருள்: நிருதி லிங்கத்தில் அவளுக்குத் தெரிந்த ஒருவர் கற்பூரம் விற்கிறார்.

“அஞ்சு” என்று தருமன் எழுத்துக் கூட்டினான். “ஆக்ஸிஜன் தரும் பொருட்கள். இவை தாமாக எரிவதில்லை. ஆனால் அருகில் இருப்பதைத் தீவிரமாக எரியச் செய்யும்.”

பாஞ்சாலை நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள்.

“தானா எரியாது. பக்கத்துல இருக்கறவங்கள கொளுத்தி வுட்டுட்டு சும்மா நிக்கும். அப்படித்தான?”

“அப்படித்தான்.”

“போன ஆடில நம்ம வூட்டு வாசப்படில நின்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னாரே, நானும் எங்க மாமியாரும் நாலு மாசம் பேசிக்கல. இவரு பாட்டுக்கு பஜ்ஜியத் துன்னுட்டு கெளம்பிட்டாரு. எழுதிக்கோ. அஞ்சு, வருண லிங்கம், எங்கண்ணன்.”

“தே, பாஞ்சாலை, வாய அளந்து பேசு” என்றான் பரசுராமன். அவன் முகத்தில் கோபம் வரவில்லை. அவனுக்கு வராது. அதுதானே விஷயம்.

ஆறு, விஷம். இங்கேதான் தருமன் தடுமாறினான். வாயு லிங்கத்தில் கேஸ்தானே இருக்க வேண்டும்? “அக்னிலயே கேஸை இறக்கிட்டோம், திருப்பி ஏத்தாத” என்றாள் பாஞ்சாலை. “காத்துல கலந்து வரதுதான் விஷம்.” ஏழு, கதிர்வீச்சு: குபேர லிங்கம். கண்ணுக்குத் தெரியாமல் பக்கத்தில் இருப்பவனைக் கெடுப்பது எது என்று அவள் என்னைப் பார்த்தபடி கேட்டாள். நான் மலையைப் பார்த்தேன். எட்டு, அரிக்கிற பொருள், ஆசிட்: ஈசான்ய லிங்கம், பக்கத்திலேயே சுடுகாடு, எதையும் மிச்சம் வைக்காது. ஒன்பதுக்கு லிங்கம் இல்லை. ஒன்பதாவது வகுப்பு ‘இதர’.

“சுத்தி முடிச்சிட்டு கோயில் வாசல்ல செருப்பு தேடுவோம் இல்ல? யாருது எதுன்னு தெரியாம ஒரே குவியலா கெடக்கும். அதான் இதர.”

எனக்கு அப்போது ஒரு யோசனை வந்தது. டேங்கரை விற்றுவிட்டுப் பாஞ்சாலையை வைத்து ஒரு பயிற்சி நிலையம் தொடங்கலாம்.

அடுத்த நாள் முழுக்க தருமன் மனசுக்குள்ளேயே மலையைச் சுற்றினான். பாலாஜியின் வகுப்பில் எதைக் கேட்டாலும் கண்ணை மூடி, இரண்டு அடி நடப்பது போல் காலை அசைத்து, பதில் சொன்னானாம். வெள்ளிக்கிழமை பரிட்சை பத்தரைக்கு. கடைசி ஒத்திகையாக நிஜமாகவே ஒரு சுற்று நடந்துவிடுவது என்று விடிகாலை ஐந்தேகாலுக்குக் கிளம்பினான், கையில் நோட்டோடு. ஒவ்வொரு லிங்கமாக நின்று, கும்பிட்டு, அந்த வகுப்பை வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போவது திட்டம். பதினாலு கிலோமீட்டர். ஒன்பதுக்குள் முடிந்துவிடும்.

ஏழேகாலுக்கு எனக்கு ஃபோன் வந்தது. பேசியது ஒரு பெண் குரல், போலீஸ்.

“தருமன்னு ஒருத்தர். ஒங்க டிரைவரா?”

“ஆமாங்க. ஆக்ஸிடென்ட்டா?”

“இன்னும் ஆகல. அதுக்குத்தான் புடிச்சி வெச்சிருக்கோம். ஒடனே வாங்க.”

ஆதி அண்ணாமலை தாண்டி ஒரு தகரக் கொட்டகையில் போலீஸ் உதவி மையம். நான் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டு. தருமன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், கைகளைத் தொடைக்கு நடுவே வைத்துக்கொண்டு. மேஜை மேல் அவனுடைய நோட்டு விரித்து வைக்கப்பட்டிருந்தது. சப் இன்ஸ்பெக்டர் பெயர் சந்திரகலா. பார்வையிலேயே தராசு வைத்திருந்தார்.

“பெங்களூர்லருந்து வந்த ஒரு குடும்பம், இவருக்குப் பின்னாடி நடந்து வந்திருக்காங்க. நிருதி லிங்கம் வரைக்கும் கேட்டுட்டு, ஓடி வந்து கம்ப்ளெய்ன்ட் குடுத்தாங்க. ‘இந்திர லிங்கம் வெடிமருந்து, அக்னி லிங்கம் கேஸு, எம லிங்கம் பெட்ரோல்’னு சொல்லி சொல்லி கும்புட்டுட்டுப் போயிருக்காரு. இதைப் பாருங்க.”

நோட்டைப் பார்த்தேன். எட்டுக் காத்தாடிகள் வட்டமாக, நடுவில் மலை. இந்திர லிங்கத்தில் எதுவோ வெடித்துச் சிதறிக்கொண்டிருந்தது. எம லிங்கத்தில் தீ. வாயு லிங்கத்தில் மண்டை ஓடு. தருமன் ஓவியன் இல்லை, ஆனால் மண்டை ஓடு மட்டும் நன்றாக வந்திருந்தது. வருண லிங்கத்தில் மீசை வைத்த ஒரு ஆள். சந்தேகமே வேண்டாம்; நானாக இருந்தாலும் பிடித்துத்தான் உட்கார வைத்திருப்பேன்.

“மேடம், இது பரிட்சை. அபாயப் பொருள் லைசன்ஸு. ஞாபகம் வெச்சுக்கறதுக்காக...” என்று ரசீதை நீட்டினேன்.

“அவரும் அதைத்தான் சொல்றாரு. எம லிங்கத்துல பெட்ரோல்னு யாருய்யா சொன்னது?”

“எம் பொண்டாட்டிங்க” என்றான் தருமன்.

“பரிட்சைக்கு யாரு பாடம் எடுக்கறது?”

“பாலாஜி சாருங்க. ஆனா அவரு எடுத்தது தலைல நிக்கலங்க.”

“இந்த மீசைக்காரன் யாரு?”

தருமன் என்னைப் பார்த்தான். நான் மறுபடி மலையைப் பார்த்தேன்.

“எம் மச்சாங்க. பரசுராமன். அவரு தானா எரிய மாட்டாருங்க. மத்தவங்களத்தான்...”

“அந்த ஆளக் கூப்டு” என்றார் சந்திரகலா, பக்கத்தில் நின்ற காவலரிடம். “சம்சாரத்தையும்.”

பாஞ்சாலை முதலில் வந்தாள், கையில் எலுமிச்சம்பழ வாசனையோடு. “எம்மா, இந்தாளுக்கு தீபாவளிக்கு சரம் கொளுத்தவே நான்தான் கூட நிக்கணும். இவரு எங்கம்மா குண்டு வெக்கப் போறாரு? பத்தரைக்குப் பரிட்சை. அது போனா திங்கக்கெழம குஜராத்து. நீங்க வேணா நாலு கேள்வி கேளுங்க, சொல்றாரா இல்லயான்னு பாருங்க.”

சந்திரகலா ஒன்பது வகுப்புகளின் பட்டியலை ஃபோனில் தேடி எடுத்தார். அந்தத் தகரக் கொட்டகையில் அன்று நடந்ததுதான் உண்மையான பரிட்சை என்று நான் இன்றைக்கும் சொல்வேன்.

“ஏழு?”

தருமன் கண்ணை மூடினான். கால் அசைந்தது. “குபேரன். கதிர்வீச்சு.”

“மூணு?”

“எமன். பெட்ரோலு.”

“பெட்ரோல் பத்திக்கிச்சுன்னா தண்ணி ஊத்தலாமா?”

“ஊத்தினா தண்ணி மேல மெதந்துனே எரிஞ்சுனு ஓடும் மேடம். நுரைதான் அடிக்கணும்.”

“ஆறு?”

“வாயு...” தருமன் நின்றான். “காத்து இல்ல. விஷம்.”

அந்த நேரத்தில் பரசுராமன் வந்தான், இஸ்திரி போட்ட சட்டையோடு, டேங்கர் சாவியை வாங்க வந்தவன் மாதிரி. தருமனைப் பெஞ்சில் பார்த்ததும் முகம் மலர்ந்தது. “நான் அப்பவே சொன்னேன் மேடம், இவனுக்கு இதெல்லாம் வேணாம்னு.”

“நீங்க இந்த லைசன்ஸ் வெச்சிருக்கீங்களா?”

“மூணு வருஷமா மேடம்.” எடுத்துக் காட்டினான்.

“நல்லதாப் போச்சு. தெரிஞ்சவர் ஒருத்தர் சொன்னா எனக்கும் திருப்தி. அஞ்சாம் வகுப்பு என்ன?”

பரசுராமன் சிரித்தான். சிரிப்பு கொஞ்ச நேரம் நின்றது, பிறகு தனியாக நின்றது. “அஞ்சா... அது வந்து, சர்ட்டிபிகேட்ல இருக்குமே மேடம்.”

“சரி, ஒண்ணு?”

“ஒண்ணுல... பொதுவா ஜாக்கிரதையா ஓட்டணும்னு...”

“எவ்ளோ குடுத்தீங்க?”

பரசுராமன் என்னைப் பார்த்தான். நான் ரசீதைப் பார்த்தேன். ஆயிரத்து எண்ணூறு. அந்த நிமிஷத்தில்தான் எனக்கு உறைத்தது, மூவாயிரம் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று. பன்னிரண்டாயிரம் லிட்டர் பெட்ரோலை, ஜாக்கிரதையாக ஓட்டணும் என்பதைத் தவிர எதுவும் தெரியாத ஒருவன் கையில் கொடுத்து, என் பங்குக்கு, என் பையன்கள் பெட்ரோல் போடும் இடத்துக்கு வரச் சொல்லியிருப்பேன். என்னைக் காப்பாற்றியது என் அறிவு இல்லை, என் கஞ்சத்தனம்.

சந்திரகலா பரசுராமனின் லைசன்ஸைத் திருப்பிப் பார்த்தார். “இது இந்த மாசத்தோட முடியுது. மூணு வருஷத்துக்கு ஒரு தரம் புதுப்பிக்கணும் இல்ல? நீங்களும் இன்னைக்கே போய் ஒக்காந்து எழுதுங்க. ரெண்டு பேர் மார்க்கும் எனக்கு ஃபோன்ல சொல்லணும். அந்த பாலாஜிக்கு நான் பேசறேன்.”

மணி ஒன்பது நாற்பது. நான் தருமனை என் பைக்கில் பின்னால் ஏற்றிக்கொண்டேன். வழியில் அவன் என் முதுகுக்குப் பின்னால் முணுமுணுத்துக்கொண்டே வந்தான். வருண லிங்கத்தோடு நின்றுபோன சுற்றை வாயாலேயே முடித்தான். ஈசான்யத்தைத் தாண்டும்போது, “நயினாரே, செருப்பு” என்றான். “கால்ல இருக்கா?” என்றேன். “ஒம்போதாவது” என்றான்.

மாடியில் பாலாஜி வேர்த்துக்கொண்டிருந்தார். சந்திரகலா பேசிவிட்டார் என்பது தெரிந்தது. அன்று அந்த மாடியில் எந்த விலைக்கும் எதுவும் கிடைக்காத நிலை. வினாத்தாளை இரண்டு முறை சரிபார்த்துக் கொடுத்தார்; சுவரில் கடிகாரத்தை நேராக்கினார். எழுதியவர்கள் ஆறு பேர். பன்னிரண்டு மணிக்கு வாங்கி, அங்கேயே திருத்தினார். பாஞ்சாலை வண்டியை யாரிடமோ விட்டுவிட்டு வந்து வாசற்படியில் நின்றாள். பரசுராமன் கீழே போய்ப் பஜ்ஜி வாங்கிக்கொண்டு வந்தான். அவனுக்கு ஆறு மார்க் என்று ஏற்கனவே தெரிந்துவிட்டது.

“தருமன்” என்றார் பாலாஜி. “ஒம்பது வகுப்பும் சரி. ஆச்சரியம்தான். ரோட்டுக் கேள்வில அஞ்சு. எர்த் கம்பி மாட்டறது, நுரை, எல்லாம் சரி. மத்ததெல்லாம் தப்பு. பதினாலு. அப்புறம் இருபத்தி மூணாவது கேள்வி.” அவர் கண்ணாடியைக் கழற்றினார். “அஞ்சாம் வகுப்புக்கு ரெண்டு எடுத்துக்காட்டு தருக. மொதல்ல ஹைட்ரஜன் பெராக்சைடு. அதுக்கு அரை. ரெண்டாவதா... என்னய்யா இது? ‘பரசுராமன்’?”

“அவசரத்துல வந்திருச்சுங்க” என்றான் தருமன்.

“பதினாலரை. அரை மார்க்ல போச்சு.”

பாஞ்சாலை படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். தருமன் நோட்டை எடுத்துச் சட்டைக்குள் செருகினான், லோடுக்குக் கிளம்புகிறவன் போல.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். “அரை மார்க்தான? பேசலாம்.”

“இன்னைக்குப் பேச முடியாது சார். இன்னைக்கு மட்டும் முடியாது.”

“புஸ்தகத்துல இல்லன்னா தப்பாயிடுமா? அந்தாளப் பத்தி புஸ்தகம் எழுதினவங்களுக்குத் தெரியாம இருக்கலாம்.”

“அதுக்கு ஆதாரம் வேணும் சார்.”

பரசுராமன் பஜ்ஜியை ஊதிக்கொண்டே பாலாஜி அருகில் வந்தான். மெதுவான குரல், அக்கறையான முகம். “எதுக்கு சார் நயினாருக்கு இவ்ளோ பதில் சொல்றீங்க? ஒங்க கிளாஸே ஃபிராடுன்னு வழியெல்லாம் சொல்லிட்டு வந்தவரு இவரு.” பிறகு என் பக்கம் திரும்பினான். “நயினாரே, கோவிச்சுக்காதீங்க. நீங்க கெளம்பிப் போனதும் இவரு என்ன சொன்னாருன்னு எனக்குத் தெரியும். ஒத்தக் கால் செருப்போட நின்னு பிச்ச எடுத்துட்டுப் போறான்னாரு.”

அதற்குப் பிறகு நடந்ததைப் பெருமையாகச் சொல்ல முடியாது. பாலாஜி எழுந்தார். நானும் எழுந்தேன். பிச்சையா என்றேன். ஃபிராடா என்றார். என் அப்பாவின் மண்டியிலிருந்து பாலாஜி தன் மகள் மேல் செய்த பொய்ச் சத்தியம் வரை எல்லாம் வெளியே வந்தது. அவர் கை என் காலரில், என் கை அவர் சிவப்புப் பேனாவில். எழுத வந்த மற்ற நால்வரும் விலக்கிவிட வந்து, அதில் இரண்டு பேர் தங்களுக்குள் அடித்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். ஜெராக்ஸ் கடைக்காரர் மேலே ஓடி வந்தார்.

“சார்!” என்று பாஞ்சாலை கத்தினாள். மாடியே நின்றது. “இப்ப எரியறது யாரு?”

பாலாஜி என்னைப் பார்த்தார். நான் பாலாஜியைப் பார்த்தேன்.

“இந்த ரூம்ல எரியாம இருக்கறது யாரு?”

எல்லோரும் திரும்பினோம். பரசுராமன் ஜன்னலோரம் நின்று, தலைமுடிகூடக் கலையாமல், கடைசிப் பஜ்ஜியின் சூட்டை ஆற்றிக்கொண்டிருந்தான்.

பாலாஜி என் காலரை விட்டார். நான் பேனாவை விட்டேன். சட்டையை இழுத்துச் சரி செய்துகொண்டு, கண்ணாடியை மாட்டி, விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் அவர் கூட்டல் போட்டார்.

வகுப்புகள்: 9
ரோடு: 5
ஹைட்ரஜன் பெராக்சைடு: ½
பரசுராமன் (நேரில் நிரூபணம்): ½
ஆக மொத்தம் 15. தேவை 15. பாக்கி இல்லை.